குளிர்கால அவசரப் பை: எந்தப் படுக்கையை வாங்குவது, எப்படிக் கட்டுவது?

72 மணி நேரம் யாருடைய உதவியும் இல்லாமல் சமாளிக்கத் தேவையானதை ஒவ்வொரு வீட்டிலும் சேர்த்து வையுங்கள் என்று கனடா அரசு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. தண்ணீர், டின் உணவு, டோர்ச், ரேடியோ, மருந்து, பணம், ஆவணங்கள் என்று பட்டியல் நீளும். போர்வையும் மாற்றுடையும் அதில் ஒரு வரிதான். ஆனால் ஜனவரி மாதத்தில் ஒன்ராறியோவிலோ கியூபெக்கிலோ வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால், முதுகுப்பையின் அளவு, எடை, விலை மூன்றையும் தீர்மானிப்பது அந்த ஒரு வரிதான். மற்றப் பொருட்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். இந்தக் கட்டுரை படுக்கையைப் பற்றியது.

எப்படிப்பட்ட இரவுக்குத் தயாராகிறோம் என்பதற்கு மூன்று சம்பவங்களைப் பார்ப்போம். 1998 ஜனவரி உறைமழையில் மொன்றியலிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் மின்கம்பங்கள் வரிசையாகச் சரிந்தன. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. 2013 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, ரொறொன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. குளிர் தாங்க முடியாதவர்களுக்காக நகரசபை சமூக நிலையங்களைத் திறந்துவிட்டது. 2010 டிசம்பரில் சார்ணியாவுக்கு அருகே 402 நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கானோர் வாகனங்களுக்குள் சிக்கினார்கள். அவர்களை மீட்க இராணுவ ஹெலிகொப்டர்கள் வரவேண்டியதாயிற்று.

குளிர்ந்துபோன சொந்த வீடு, சூடான மண்டபத்தின் வெறுந்தரை, பனியில் புதைந்த கார். மூன்றுக்கும் தேவை வேறு. வாங்குமுன் இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், பெரும் பணம் கொடுத்து வாங்கிய பொருள் மூன்றில் ஒரு இடத்துக்கு மட்டுமே பொருந்தும்.

எந்த இடத்துக்கு வாங்குகிறீர்கள்?

சொந்த வீட்டுக்கு ஸ்லீப்பிங் பேக் தேவையே இல்லை. கட்டில் மெத்தையைவிடக் குளிரை நன்றாகத் தடுக்கும் பாயைக் கடையில் வாங்க முடியாது. வீட்டில் உள்ள தடித்த கொம்ஃபோட்டர்களும் கம்பளிகளும் போதும். ஜன்னல் குறைந்த ஒரு சிறிய அறைக்கு மெத்தைகளை இழுத்துப் போட்டு, கதவின் அடி இடைவெளியைத் துவாயால் அடைத்து, எல்லோரும் ஒன்றாகப் படுங்கள். முகாம் கூடாரம் இருந்தால் அதை மெத்தையின் மேலேயே விரித்துவிடலாம். உள்ளே சேரும் உடல் வெப்பம் வெளியேற நேரம் எடுக்கும். வீட்டு இரவுக்கென்று தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம்.

மண்டபத்தில் பெரும்பாலும் வெப்பம் இருக்கும். அங்கே தொல்லை கொடுப்பது தரையின் கடினமும், அடியிலிருந்து ஏறும் குளிரும், வெளிச்சமும்தான். மைனஸ் 20 டிகிரிக்கு வாங்கிய, உடலோடு ஒட்டிப் பாதத்தை நோக்கி ஒடுங்கும் மம்மி வடிவ ஸ்லீப்பிங் பேக்குக்குள் 18 டிகிரி மண்டபத்தில் படுத்தால் வியர்த்துக் கொட்டும். வியர்வையில் ஈரமான ஆடையோடு விடியற்காலையில் வெளியே போகிறவர் முந்தின நாளைவிட மோசமாகக் குளிர்வார்.

காரில் எதிர் நிலைமை. எஞ்சின் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே இருக்கும் வெப்பம் வெளி வெப்பத்தை நெருங்கிவிடும். ஜனவரி இரவில் அது மைனஸ் 15 ஆகவும் இருக்கலாம், மைனஸ் 20 ஆகவும் இருக்கலாம்.

18 டிகிரிக்கும் மைனஸ் 15-க்கும் ஒரே பொருள் சரிவராது. அதனால்தான் ஒரு தடித்த ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதில் இரண்டு மெல்லிய அடுக்குகளை வாங்கச் சொல்கிறோம். ஒன்று முதுகுப்பையோடு வீட்டில், மற்றது குளிர்காலம் முழுதும் கார் டிக்கியில். மண்டபத்துக்கு ஒன்றே போதும். முதுகுப்பையோடு காரில் கிளம்பினால் இரண்டும் கைக்கு வரும்.

கம்பளி, பாலியெஸ்டர், வாத்துத்தூவி

வீட்டுக் கம்பளி மலிவு, தீப்பொறி பட்டால் உருகாது, நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். ஆனால் நல்ல கம்பளி ஒன்றே ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை வரும். உறையும் குளிருக்கு ஒருவருக்குக் குறைந்தது மூன்று வேண்டும். ஆறு கிலோவை முதுகில் ஏற்றிக்கொண்டு பதினைந்தாம் மாடியிலிருந்து படியில் இறங்குவதை நினைத்துப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். கம்பளி கார் டிக்கிக்கு நல்லது, முதுகுக்கு வேண்டாம்.

வாத்துத்தூவி நிறைத்த ஸ்லீப்பிங் பேக் எடையில் யாராலும் வெல்ல முடியாதது. மைனஸ் 5 டிகிரியில் வசதியாகத் தூங்கவைக்கும் ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோதான் இருக்கும். அதே சூட்டுக்குப் பாலியெஸ்டர் இரண்டு கிலோவுக்குக் குறையாது, இடமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு பிடிக்கும். தூவி நனைந்தால்தான் சிக்கல். அதன் சூடு முழுவதும் உப்பியிருக்கும் தன்மையில் இருக்கிறது. ஈரமானால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், உலர்த்த ஹீட்டரோ உலர்த்தியோ தேவைப்படும். மின்சாரம் இல்லாத இடத்துக்கு எடுத்துப்போகும் பொருளுக்கு இது பெரிய குறை. வெளியிலிருந்து மட்டும் ஈரம் வருவதில்லை. உடலிலிருந்து இரவெல்லாம் வெளியேறும் நீராவி குளிர்ந்த வெளித்துணிக்கு அடியில் படிந்து நிற்கும். காயவைக்காமல் மூன்று இரவு தொடர்ந்தால் தூவி கண்ணெதிரே தட்டையாகும். நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தூவியும் வருகிறது. அது ஈரத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

பாலியெஸ்டர் இழை நனைந்தாலும் கொஞ்சம் உப்பி நிற்கும், பிழிந்து விரித்தால் விரைவில் காயும், வாஷிங் மெஷினில் போடலாம், விலையும் தூவியின் பாதிக்குக் கீழே. அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. இறுக்கிக் கட்டி மாதக்கணக்கில் வைத்தால் இழைகள் மடிந்த இடத்திலேயே முறிந்து நிலைத்துவிடும், திரும்ப உப்பாது. தூவியும் இறுக்கி வைத்தால் கெடும், என்றாலும் வெளியே எடுத்து உதறினால் பெருமளவு மீண்டுவிடும். அவசரப் பை என்பது கட்டியபடியே ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் கிடக்கும் பொருள். கடையில் வாங்கிய சுருக்குப்பையோடு பாலியெஸ்டர் பேக்கை அப்படியே உள்ளே திணித்து மறந்துவிட்டால், மூன்றாவது வருடம் தேவைப்படும்போது அதன் சூடு கணிசமாகக் குறைந்திருக்கும். வாங்கியவருக்கு இது தெரியவும் தெரியாது, ஏனென்றால் பார்வைக்கு அது புதிதாகவே இருக்கும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தாலும், பெரும்பாலான குடும்பங்களுக்குப் பாலியெஸ்டரையே பரிந்துரைக்கிறோம், தளர்வாக வைப்பார்கள் என்ற நிபந்தனையோடு. நான்கு பேருக்கு வாங்கும்போது விலை முக்கியம். குழந்தை சிறுநீர் கழித்தாலும் தேநீர் கொட்டினாலும் தாங்குவதும் முக்கியம். முதுகுவலி உள்ளவருக்கும், எடை தூக்க முடியாத வயதானவருக்கும் மட்டும் தூவி வாங்கிக் கொடுங்கள். அந்த முக்கால் கிலோ வித்தியாசம் அவர்களுக்குப் பெரியது.

இராணுவ உபரிக் கடைகளில் கிடைக்கும் அமெரிக்க அடுக்கு முறையையும் பலர் கேட்கிறார்கள். பச்சை நிற மெல்லிய பேக், கறுப்பு நிறத் தடித்த பேக், இரண்டையும் மூடும் நீர்புகா உறை. மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் கடுங்குளிருக்குப் போதும். தனித்தனியாகவும் பயன்படும். யோசனை அருமை, நாம் சொல்லும் இரண்டடுக்கும் இதே வழிதான். முழுத்தொகுதி நாலரைக் கிலோவைத் தாண்டும், சுருக்கினாலும் பெரிய மூட்டை. பழைய பேக்குகளில் இழை ஏற்கெனவே நசுங்கியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை இல்லாமல் ஒளி ஊடுருவும் திட்டுகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். முழுத்தொகுதி காருக்குத்தான். பச்சைப் பேக்கும் உறையும் மட்டும் முதுகுக்கு வரலாம்.

அட்டையில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது

கடை அட்டையில் பெரிதாக அச்சிட்ட மைனஸ் எண்ணை நம்பி வாங்குவதே அதிகம் நடக்கும் தவறு. ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 23537-இன்படி சோதித்த பேக்கில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது வசதி எண்: சராசரிப் பெண்ணொருவர் கைகாலை நீட்டித் தளர்வாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது எல்லை எண்: சராசரி ஆணொருவர் குறுகிச் சுருண்டு படுத்தால் சமாளிக்கக்கூடியது. மூன்றாவது உச்ச எண்: உயிர் பிழைக்கலாம், ஆனால் உடல் வெப்பம் ஆபத்தாக இறங்கும் வாய்ப்பு உண்டு. பல கம்பனிகள் இரண்டாவதைப் பெரிதாக அச்சிடும். மலிவுப் பேக்குகளில் சோதனையே இராது, எண் மட்டும் இருக்கும். தரத்தின் பெயர் எங்கும் இல்லையென்றால் அந்த எண்ணோடு 10 டிகிரி கூட்டியே கணக்கிடுங்கள். அட்டை மைனஸ் 10 என்றால் உங்களுக்கு அது பூச்சியம்.

நாம் பார்க்க வேண்டியது வசதி எண் மட்டுமே. வீட்டில் வைக்கும் முதல் பேக்குக்கு வசதி எண் மைனஸ் 5 போதும். கார் டிக்கியில் வைக்கும் இரண்டாவதற்கு 7 டிகிரி அளவு போதும், ஆனால் அது அகலமான செவ்வக வடிவில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு மலையேறுபவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. 21-இலிருந்து இரண்டாவது பேக்கின் எண்ணைக் கழித்துப் பாதியாக்குங்கள். 21-இல் 7 போனால் 14, பாதி 7. முதல் பேக்கின் மைனஸ் 5-ஐ இன்னும் 7 இறக்கினால் மைனஸ் 12. அதற்குமேல் குளிர்கால அங்கி, தொப்பி, காலுறை சேரும்போது 402 நெடுஞ்சாலை போன்ற இரவையும் கடக்கலாம். வெளியே போடும் பேக் இறுக்கமாக இருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது. உள்ளே இருப்பது நசுங்கி, இரண்டு பேக்குக்குப் பணம் கொடுத்து ஒன்றின் சூட்டைத்தான் பெறுவீர்கள்.

மம்மி வடிவமா, செவ்வகமா? ஒரே எடைக்கு மம்மி சூடு அதிகம். ஆனால் முழங்கால் வலியோடு இரவில் இரண்டு முறை எழும்புகிறவருக்கு அதற்குள் புகுந்து வெளியே வருவதே பெரும்பாடு. முதல் பேக் அரைச்செவ்வகமாக (பாதத்தை நோக்கிச் சற்று மட்டும் ஒடுங்குவதாக), சிப் பாதம்வரை முழுதாகத் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். திறந்து விரித்தால் மண்டபத்தில் அதுவே போர்வை. தாயும் பிள்ளையும் சேர்ந்து மூடிக்கொள்ளலாம்.

பாய்க்கு முதலில் செலவழியுங்கள்

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நல்ல பேக்கை விட்டு நல்ல பாயை வாங்குங்கள். உடலின் பாரத்தில் பேக்கின் அடிப்பகுதி நசுங்கிவிடும், அங்கே சூட்டைத் தடுக்க எதுவும் மிஞ்சாது. ஐஎஸ்ஓ சோதனைகளிலும் ஆளுக்குப் பதிலாக வைக்கும் மனித உருவப் பொம்மையை வெறுந்தரையில் கிடத்துவதில்லை. நல்ல காப்புள்ள பாயின் மேல், நீளக்கை உள்ளாடை அணிவித்துத்தான் அளக்கிறார்கள். அதே பேக்கை யோகா பாயின் மேல் கொங்கிரீட் தரையில் விரித்தால் அட்டையின் எண்ணுக்கு அர்த்தமில்லை.

பாயின் தடுப்புத்திறனை ஆர் எண்ணால் குறிப்பார்கள். அதிகமானால் நல்லது, ஒன்றன்மேல் ஒன்று போட்டால் எண்கள் கூடும். வீட்டு மரத்தரைக்கும் மண்டபத்துக்கும் ஆர் 2 போதும். கொங்கிரீட் பேஸ்மென்ட், கராஜ், உறைந்த நிலம் என்றால் 4 முதல் 5 வேண்டும்.

மடிக்கும் நுரைப்பாய் ஆர் 2 அளவில், 400 கிராம் அளவில் கிடைக்கும். தெர்மாரெஸ்ட் கம்பனியின் ஸீ லைட் சோல் (Z Lite Sol) இதற்கு நல்ல உதாரணம். ஓட்டை விழாது, ஊத வேண்டாம், கத்தியால் வெட்டினாலும் வேலை செய்யும். காரில் சீட்டின் மேல் போட்டு உட்காரலாம், ஜன்னலில் அடைக்கலாம். காப்பு வைத்த காற்றுப்பாய்கள் ஆர் 4 முதல் 7 வரை போகும், முதுகுக்கும் இதம். ஆனால் ஒரு சிறு முள் போதும், நள்ளிரவில் தரையில் கிடப்பீர்கள். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே போய் உறையும். கூடவரும் ஊதுபையைப் பயன்படுத்துங்கள். ஆளுக்கொரு நுரைப்பாய் என்பது அடிப்படை. இடுப்பு வலி உள்ளவருக்கு அதன்மேல் ஒரு காற்றுப்பாய்.

விருந்தினர் வந்தால் பம்ப் அடித்து விரிக்கும் தடித்த காற்று மெத்தை பெரும்பாலும் நம் வீடுகளில் இருக்கும். குளிருக்கு இதைவிட மோசமானது இல்லை. உள்ளே உள்ள காற்று சுழன்று சுழன்று உடல் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோகும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் நுரைப்பாயையும் கம்பளியையும் அதன் மேலே போடுங்கள், கீழே போட்டால் பலன் மிகக் குறைவு. மண்டபத்தில் கொடுக்கும் கான்வாஸ் கட்டிலும் இப்படித்தான், அடியில் காற்று ஓடும். கட்டில் கிடைத்ததே என்று பாயைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிடாதீர்கள்.

பாயே இல்லாவிட்டால் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் போடலாம். நன்றாகவே தடுக்கும்.

மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் வெள்ளிப் படலப் போர்வையை மட்டும் வாங்கிவைத்துத் தயாராகிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அது உடலின் கதிர்வீச்சு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், காற்றைத் தடுக்கும். தடிப்பு இல்லாததால் தரைக்குப் போகும் சூட்டைத் தடுக்காது. உள்பக்கம் ஈரம் முத்து முத்தாகப் படியும். ஆளுக்கொன்று வைத்திருங்கள். மேலே தளர்வாகப் போர்த்தவும், காரின் ஜன்னல்களை மறைக்கவும் உதவும். படுக்கைக்கு அது மாற்றாகாது.

முதுகுப்பை

சக்கரப் பெட்டி வீட்டில் இருக்கிறதே என்று கேட்பார்கள். உயர்மாடிக் கட்டிடத்தில் மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும். பல கட்டிடங்களில் தண்ணீர் ஏற்றும் பம்பும் நிற்கும், அதாவது சில மணி நேரத்தில் மேல்மாடிக் குழாயிலும் தண்ணீர் வராது. இருட்டுப் படிக்கட்டில் ஒரு கை கைப்பிடியிலும் மறு கை பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டும். டோர்ச்சுக்குக்கூட கை மிஞ்சாது, தலைவிளக்கு வேண்டும். அள்ளப்படாத பனியில் சக்கரம் உருளவும் மாட்டாது. தோளில் ஒரு பக்கம் மாட்டும் டஃபல் பை பத்துப் படிக்குள் சரிந்துவிடும்.

பெரியவருக்கு 50 முதல் 60 லீற்றர் கொள்ளளவு. பள்ளிக்கூடப் பையின் 25 லீற்றரில் பாலியெஸ்டர் பேக் ஒன்றே நிரம்பிவிடும். தலையைக் குனிந்தால் கழுத்தின் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம்வரை அளந்து, அந்த முதுகு நீளத்துக்கு ஏற்ற அளவை எடுங்கள். ஆளின் உயரம் இதற்கு உதவாது. பாரத்தின் பெரும்பகுதி தோளில் தொங்காமல் இடுப்புப் பட்டியில் உட்கார வேண்டும். கடைக்குப் போகும்போது குளிர்கால அங்கியைப் போட்டுக்கொண்டு மாட்டிப் பாருங்கள். கோடையில் கச்சிதமாகப் பொருந்திய பட்டி தடித்த அங்கியின் மேல் பூட்டாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்றைக் கட்டாயம் தேடுங்கள்: அடிப்பகுதிக்குத் தனி சிப். ஸ்லீப்பிங் பேக்கை இறுக்கி வைக்கக்கூடாது, ஆனால் பாரம் சமநிலையில் இருக்க அது அடியில்தான் இருக்க வேண்டும். அடி சிப் உள்ள முதுகுப்பையில் மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டி, அடி அறையை மட்டும் காலியாக விடலாம். பேக்கைப் பெரிய பருத்தி உறையில் தளர்வாகப் போட்டு அதே அலுமாரியில் தொங்கவிடுங்கள். கிளம்பும்போது அடி அறைக்குள் கைப்பிடி கைப்பிடியாகத் திணித்துவிடலாம். சுருட்டவோ மடிக்கவோ வேண்டாம், எப்போதும் திணிப்பதுதான் சரி. ஒரே மடிப்பில் இழை திரும்பத் திரும்ப முறியாது, நேரமும் ஒரு நிமிடம்தான்.

கட்டும் வரிசை

முதலில் கட்டிட வேலைக்கு விற்கும் தடித்த குப்பைப்பைகள் இரண்டு: ஒன்று அடி அறைக்கு, ஒன்று மேலறைக்கு. முதுகுப்பைக்கு மேலே போடும் மழையுறையை நம்ப வேண்டாம். அது முதுகுப் பக்கத்தை மூடாது, அங்கே ஒட்டிய பனி மண்டபத்துக்குள் வந்ததும் உருகி உள்ளே இறங்கும்.

மேலறையின் அடியில் உடை. இரவுக்கென்று ஒரு தொகுதியைத் தனிப் பையில் கட்டி, வேறெதற்கும் தொடாமல் வைத்திருங்கள்: மெரினோ அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை மேலும் கீழும், தடித்த கம்பளிக் காலுறை இரண்டு சோடி, காது மூடும் தொப்பி, கழுத்துறை. பருத்தி வேண்டாம். அம்மாவின் பருத்தி நைட்டியும் அப்பாவின் சாரமும் வியர்வையை உறிஞ்சி உடலோடு ஒட்டிக் குளிரவைக்கும். அவற்றை இந்த உள்ளாடைக்கு மேலே அணியலாம்.

நடுவில், முதுகை ஒட்டி, பாரமானவை: தண்ணீர், உணவு. அரசின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லீற்றர் குடிநீர். மூன்று நாளுக்கு 6 கிலோ, அதை முதுகில் சுமக்க முடியாது. அகன்ற வாய்ப் போத்தல் இரண்டில் 2 லீற்றர் மட்டும் முதுகில், மிச்சம் வீட்டிலும் காரிலும். காரில் வைப்பது உறையும், ஆகவே கால்பங்கு காலியாக விட்டு நிரப்புங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும் என்பதால் போத்தலைத் தலைகீழாக வைத்தால் மூடி இறுகாது. உணவு சமைக்காமல் உண்பதாக, கொழுப்பு நிறைந்ததாக இருக்கட்டும். கச்சான், எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை எல்லாம் இதற்கென்றே பிறந்தவை. படுக்குமுன் இவற்றில் ஒரு பிடி தின்றால் இரவில் உடல் சூடு உற்பத்தி செய்ய எரிபொருள் கிடைக்கும்.

மேலே, கைக்கு எட்டும்படி: தலைவிளக்கு, மருந்து, ரேடியோ, கையுறை. விளக்குக்கு லித்தியம் ஏஏ பற்றரி. சாதாரண அல்கலைன் குளிரில் சோர்ந்துவிடும், கசியவும் செய்யும். பவர்பேங்கை உறையும் குளிரில் சார்ஜ் ஏற்றாதீர்கள், உட்பையில் வைத்துச் சூடாக்கிய பிறகு ஏற்றுங்கள். நுரைப்பாயை வெளியே பக்கவாட்டில் கட்டி அதற்கும் ஒரு குப்பைப்பை மாட்டுங்கள்.

எடையைக் கூட்டிப் பார்த்தால்: முதுகுப்பை ஒன்றரை, ஸ்லீப்பிங் பேக் 2, பாய் 0.4, உடை ஒன்றரை, உணவு 2, தண்ணீர் 2, மற்றவை ஒன்றரை. மொத்தம் 10.9 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஆரோக்கியமான ஒருவருக்கு இது சரியான எல்லை, அதற்குமேல் ஏற்றாதீர்கள். வயதானவருக்கு 5 கிலோவுக்குள் நிறுத்தி, அவருடைய தண்ணீரையும் உணவையும் இளையவர்கள் பங்கிடுங்கள்.

வயதானவர்கள், நீரிழிவு, குழந்தைகள்

இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். உருகிய பிறகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. அதை முதுகுப்பையில் வைக்காமல் உட்சட்டைப் பையில், உடலோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் தவறான அளவு காட்டும் அல்லது வேலை செய்யாது. அதையும் சூடாக வைத்திருங்கள்.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூட்டுப் பொட்டலத்தையோ வெந்நீர்ப் போத்தலையோ காலடியில் வைப்பது ஆபத்து. தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. அவருக்குக் காலுறையை இரட்டிப்பாக்கி, பேக்கின் கால்பகுதியில் அங்கியைச் சுற்றிப் போடுங்கள். மற்றவர்களுக்கு வெந்நீர்ப் போத்தலைக் காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைப்பது அருமையான வழி. வயதானவர்கள் குளிர்வதைத் தாங்களாகச் சொல்லமாட்டார்கள். பேச்சு குழறினாலும் நடுக்கம் நின்று சோர்ந்தாலும் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே 911-ஐ அழையுங்கள்.

கைக்குழந்தையைப் பெரியவர்களின் ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்கவைக்காதீர்கள், மூச்சு அடைக்கும். குழந்தைக்கென்று விற்கும் கையுள்ள தூக்க உடைதான் சரி. நாலைந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் அளவு பேக் கொடுத்தால் கால்பக்கம் காலியாகக் கிடந்து குளிரும். அந்த வெற்றிடத்தை மடித்து அடியில் செருகிவிடுங்கள்.

எவருமே முகத்தைப் பேக்குக்குள் புதைத்து மூச்சுவிடக் கூடாது. விடிவதற்குள் உள்பக்கம் நனைந்துவிடும். மூக்கும் வாயும் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே.

வெப்பத்துக்காக அறைக்குள்ளோ கராஜிலோ கரியடுப்பு, முகாம் அடுப்பு, ஜெனரேட்டர் எதையும் இயக்காதீர்கள். காரில் சிக்கினால் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் அள்ளிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டி, காற்றடிக்காத பக்கத்து ஜன்னலைச் சிறிது திறந்து வைத்திருங்கள். பனி கொட்டிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறை எஞ்சினை முடுக்குமுன்னும் குழாயைப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொல்லும்.

நவம்பரில் செய்ய வேண்டியது

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைத் திருப்பும் நாளில் ஸ்லீப்பிங் பேக்கைத் தரையில் விரித்து, ஒரு மணி நேரம் விட்டு, தடிப்பை அளவுகோலால் அளந்து உறையில் குறித்து வையுங்கள். போன வருடத்து அளவைவிடக் கால்பங்கு குறைந்திருந்தால் அதைக் கார் டிக்கிக்கு இரண்டாவது அடுக்காக மாற்றிவிட்டு, வீட்டுக்குப் புதியது வாங்குங்கள். காற்றுப்பாய் இருந்தால் ஊதி, மேலே பாரம் வைத்து, இரவு முழுதும் விட்டுக் காலையில் பாருங்கள். பிள்ளைகளின் உள்ளாடையும் காலுறையும் போன வருட அளவாகவே இருக்கும், மாற்றுங்கள். சூட்டுப் பொட்டலங்களின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பிறகு 3 டிகிரி, 4 டிகிரி இருக்கும் ஓர் இரவில், வீட்டின் பின்பக்க டெக்கிலோ பால்கனியிலோ பாயை விரித்து, கட்டிய அதே உடையோடு குடும்பத்தில் ஒருவர் படுத்துப் பாருங்கள். கதவு பக்கத்திலேயே இருக்கும், குளிர்ந்தால் உள்ளே வந்துவிடலாம். முதுகு குளிர்ந்தால் பாய் போதவில்லை. மேல்பக்கமோ காலோ குளிர்ந்தால் பேக்கோ உடையோ போதவில்லை. எதை மாற்றுவது என்று அதற்குப் பிறகு கடைக்குப் போகலாம்.